உப்புக் காற்றும் செலிகாவின் குழாயும்

சைலன்சர் ஒன்றின் ஆயுளைச் சொல்ல எனக்கு ஒரு பழைய ஸ்குரூ ட்ரைவர் போதும். அதன் முனையால் பெட்டியின் அடியில் நாலைந்து இடத்தில் தட்டுவேன். தகடு நன்றாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். உக்கிப் போயிருந்தால் நனைந்த மட்டையில் அடித்ததுபோல் தொப்பென்று இருக்கும். 2023 பெப்ரவரியில் ராத்தாவின் மகன் தன் செலிகாவைக் கொண்டுவந்து அட்டாளைச்சேனையில் என் வளவுக்குள் நிறுத்தினான். மூன்றாவது தட்டிலேயே ஸ்குரூ ட்ரைவர் பிடிவரை உள்ளே இறங்கிவிட்டது. வெளியே இழுத்தேன். கறுத்த தண்ணீரும் துருச் செதிலும் சேர்ந்து முழங்கைவரை வடிந்தன.

அவனுக்கு அது கவலையாகத் தெரியவில்லை. "நல்லதாப் போச்சு மாமா. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு மூணு இஞ்சி பைப் ஒண்ட நேரா அடிச்சுத் தாங்க. அக்கரைப்பத்துல ஸ்டார்ட் பண்ணினா இஞ்ச கேக்கணும்" என்றான்.

"கேக்கிறதுக்கு அடிக்கணுமா, ஓடுறதுக்கு அடிக்கணுமா மனெ?"

"ரெண்டுக்கும்தான்."

அந்த 'ரெண்டுக்கும்' என்ற சொல்லோடு நான் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

நான் தொழில் படித்தது கல்முனையில் ஒரு கராஜில். அப்போது எங்கள் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஏது? அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களிலிருந்து வரும் லேன்ட்மாஸ்டரும் உழவு இயந்திரமும் அரிசி ஆலை எஞ்சினும்தான். டீசல் புகை அடைத்த சைலன்சரை நெருப்பில் போட்டு, கரியைச் சுட்டுத் தட்டிக் கொட்டுவது எனக்குக் கொடுத்த முதல் வேலை. அடைப்பு எடுத்த லேன்ட்மாஸ்டரை அதன் சொந்தக்காரர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் புதுசாகிட்டுதே" என்று சொல்வார். எஞ்சினை நாங்கள் தொட்டிருக்க மாட்டோம். புகை போகும் வழியைத் திறந்து விட்டிருப்போம், அவ்வளவுதான். எஞ்சின் என்ற சாமான் இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சில் அதிகம் கஷ்டப்படுகிறது என்று அந்த வயதில் கையால் தெரிந்துகொண்டேன். காரணம் தெரிந்தது பிறகுதான்.

குழாய் வளைக்கவும் அங்கேதான் பழகினேன். இரும்புக் குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, காஸ் சுவாலையில் பழுக்கக் காய்ச்சி மெல்ல மெல்ல வளைப்பது. மணல் உள்ளே முட்டுக் கொடுப்பதால் வளைவில் குழாய் நசியாது. மணலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் கடற்கரை மணலைக் கழுவி உப்பெடுத்து, தாச்சியில் போட்டு வறுத்த பிறகே நிரப்ப வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் வெயிலில் காய்ந்த மணல்தானே என்று வறுக்காமல் நிரப்பினேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி மரக்கட்டையைத் துப்பாக்கிக் குண்டுபோல் தள்ளியது. கட்டை சுவரில் பட்டது. சுடுமணல் என் இடது கையில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. என்னிடம் வேலை பழக வரும் பொடியன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

இனிக் காரைச் சொல்கிறேன். எஸ்டி202 செலிகா, எஸ்எஸ்-2 ரகம். 3எஸ்-ஜிஈ எஞ்சின், 1998 சிசி. டொயோட்டா யமஹாவோடு சேர்ந்து செய்த எஞ்சின் குடும்பம் அது. 7000 சுற்றில் 180 குதிரைவலு தரும். டர்போ கிடையாது. கட்டாரில் நாலு வருடம் உழைத்த காசில் வாங்கியிருந்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதற்குப் பிறகு நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கு வந்த விலை எல்லோருக்கும் தெரியும். அவன் கொடுத்த காசுக்கு எங்கள் ஊரில் அப்போது வயல் வாங்கலாம்.

அவன் வாங்கிக் கொஞ்சக் காலத்தில் 2022 வந்தது. பெற்றோல் வரிசை வந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அவன் காரை ஓடாமல் தென்னை மரத்தடியில் நிறுத்தி, பெட்டரி செத்துப் போகாமலிருக்கக் கிழமைக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டினான். காரைப் பாதுகாக்கிறேன் என்று நினைத்து அவன் செய்த அந்த ஐந்து நிமிடம்தான் சைலன்சரைத் தின்றது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பெற்றோலில் இருக்கும் ஐதரசன் காற்றின் ஒக்சிசனோடு சேர்ந்து தண்ணீராகிறது. தூர ஓட்டத்தில் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவியை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிடத்தில் பின்பெட்டி சூடேறாது. ஆவி குளிர்ந்து பெட்டிக்குள்ளேயே தங்கும், புகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே வாடைக் காற்று கொண்டுவரும் உப்பு. இரண்டு பக்கமும் தின்றால் தகடு என்ன செய்யும்? 2004 சுனாமியில் கடல்நீர் குடித்த வாகனங்களைக் கழுவிக் கொடுத்த காலத்திலும் இதே கதைதான். எஞ்சினைக் காப்பாற்றினோம், ஆனால் ஒரு வருடம் போகுமுன் ஒவ்வொன்றாகச் சைலன்சர் கழன்று விழுந்தது.

வேலையை அவன் வீட்டிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தோம். கற்றுக்கொள்ளவும் ஆசை அவனுக்கு. ஆனால் எங்கள் வளவுகள் எல்லாம் மணல். மணலில் ஜேக் சரியும், ஸ்டேன்ட் புதையும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையைக் கொடுக்கிற ஆளை நான் வேலைக்கு வைப்பதில்லை. இரண்டு அங்குலத் தடிப்பில் முதிரைப் பலகை நாலு வெட்டி, மணலை நனைத்து மட்டமாக அடித்து, பலகைமேல் ஸ்டேன்ட் வைத்தோம். பிறகு காரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். அவனையும் உலுக்கச் சொன்னேன். அசையாததைக் கண்ட பிறகே இருவரும் கீழே போனோம்.

பழைய நட்டுகள் அசைய மறுத்தன. அடித்துக் கழற்றினால் போல்ட் முறிந்து அரை நாள் போகும். நட்டை மட்டும் காஸ் சுவாலையில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, சுவாலையை எடுத்துவிட்டு, மெழுகுதிரியை மரைமேல் தொட வேண்டும். மெழுகு உருகி மரை வழியே உள்ளே உறிஞ்சப்படும். சற்று ஆறியதும் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டினால் நெய் தடவியதுபோல் வரும். பெற்றோல் குழாய் பக்கத்தில் இருந்ததால் நனைந்த சாக்கு போட்டு மூடி, மருமகனை ஒரு வாளி மணலோடு நிற்க வைத்தேன். ஆறு நட்டும் முறியாமல் வந்தன.

அதற்குப் பிறகு பைப் எத்தனை அங்குலம் என்ற பேச்சு.

"மாமா, பெருசா இருந்தா சுகமாப் போகும்தானே?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். தொழில் தொடங்கின புதிதில் 1500 சிசி கார் ஒன்றுக்கு மூன்று அங்குலப் பைப் பூட்டிக் கொடுத்தேன். சத்தம் ஊரைத் தூக்கியது. கண்டி போகும் வழியில் மஹியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவில் கார் இழுக்காமல் முதலாம் கியரிலேயே ஏறியது. சொந்தக்காரர் திரும்பி வந்து என்னை ஏசவில்லை. "கார் செத்துப் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். பைப்பைக் கழற்றிப் பழையதைப் பூட்டிக் கொடுத்தேன்.

மருமகனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அலை ஏறுகிற இடத்தில் நிற்கச் சொன்னேன். அலை வந்து கரையைத் தொட்டுத் திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும். "இப்ப பாதத்துக்குக் கீழ இழுத்துதே, அதுதான் குழாய்க்குள்ள நடக்குது" என்றேன். எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போது புகை ஒரு தள்ளாகப் புறப்படுகிறது. அதனோடு ஓர் அழுத்த அலையும் ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை இழுக்கும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. அது வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் மிச்சமாக நிற்கும் புகையையும் இழுத்தெடுக்கும். அந்த இடைவெளியில் புதுக்காற்று உள்ளே வரும். நாலு சிலிண்டரும் 1-3-4-2 என்ற முறையில் வெடிப்பதால், 1ஐ 4ஓடும் 2ஐ 3ஓடும் சோடி சேர்த்துக் குழாய் கட்டுகிறார்கள். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றை ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடித்து விடாமல் இழுப்பதைப்போல ஒரு சிலிண்டரின் தள்ளு அடுத்ததை இழுக்கும்.

இந்த இழுவை நிற்க வேண்டுமானால் புகைக்கு வேகம் வேண்டும். இரண்டேகால் அங்குலக் குழாயைவிட மூன்று அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு. அதே புகை அதில் கிட்டத்தட்டப் பாதி வேகத்தில்தான் போகும். சிலர் 'எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேணும்' என்று சொல்வார்கள். எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் வேண்டியதில்லை. வேகம் குறைகிற நட்டத்தைக் கண்டவர்கள் அதற்குத் தப்பான பெயர் வைத்துவிட்டார்கள். டர்போ பூட்டிய எஞ்சினின் கணக்கு வேறு. அது பெரிய குழாயைக் கேட்கும். இந்த எஞ்சினுக்கு இரண்டேகால் அங்குலம் போதும், ஆனால் எந்த வளைவிலும் நசியாத இரண்டேகாலாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய குழாயை வளைவில் வெட்டிக் காட்டினேன். யாரோ பிரஸ் மெஷினில் வளைத்திருந்தார்கள். வட்டம் நசிந்து அவரைக்காய் வடிவத்தில் இருந்தது. மருமகன் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று அங்குலப் பேச்சு அத்தோடு நின்றது.

மெனிஃபோல்டை நாங்கள் தொடவில்லை. வெடிப்பு இல்லை. புகையின் நஞ்சைக் குறைக்கும் கன்வேட்டரையும் தொடவில்லை. அதற்குள்ளிருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியத்துக்காகப் பழைய இரும்புக்காரர்கள் நல்ல காசு கொடுக்கிறார்கள் என்பதால் அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாய் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமாகி வருகிறது. என் கையால் நான் அதைச் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். அந்தப் புகை பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகிறது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனால் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எப்படியும் காட்டிக் கொடுக்கும்.

குழாய் வாங்குவதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். ஹார்ட்வெயார் கடைகளில் படிக்கட்டுக் கைப்பிடிக்கு விற்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு. அதில் அதிகமானது 201 ரகம். நிக்கல் குறைத்து மங்கனீசு கூட்டியது. காந்தம் வைத்துப் பார்த்தால் நல்ல ரகமான 304ஐப் போலவே ஒட்டாது, அதனால் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நான் ஒவ்வொரு கடைக் குழாயிலும் ஒரு விரல் நீளத் துண்டு வாங்கி, கம்பியில் கோர்த்து, கடற்கரைப் பக்கத் தென்னையில் கட்டித் தொங்கவிடுவேன். ஒரு மாரி போனால் எது எதென்று தெரிந்துவிடும். 201 தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் பழுத்து, பிறகு புள்ளி புள்ளியாகக் குழி விழும். 304உம் கடல் காற்றில் லேசாகப் பழுக்கும், ஆனால் துடைத்தால் போகும். முந்தின மாரியில் தொங்கின துண்டுகளைப் பார்த்து, எந்தக் கடைச் சாமான் நல்லதென்று அறிந்து, அங்கே போய் 304 வாங்கினேன்.

ஸ்டெயின்லெஸ் குழாயை மணல் போட்டு வளைப்பது எங்கள் வசதிக்குச் சரிவராது. குழாயைச் சாய்வாகத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைத் திருப்பி ஒட்டி வளைவு உண்டாக்கினோம். இறால் வாலைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு துண்டும் பொருந்தும்வரை அரத்தில் ராவினான் மருமகன். வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் அவன் விரல்கள் புண்ணாகின.

முதலில் காரிலேயே வைத்துப் பொட்டு வெல்டிங். அதற்கு முன் பெட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியூட்டர் பெட்டி போய்விடும். பொட்டு வைத்த பிறகு கழற்றி மேசையில் வைத்து டிக் வெல்டிங். குழாய்க்குள்ளேயும் ஆகன் காஸ் விட வேண்டும். வாயிரண்டையும் டேப் ஒட்டி மூடி, சின்னத் துளையால் காஸைச் செலுத்தி, உள்ளே இருக்கிற காற்று போன பிறகே ஒட்ட வேண்டும். காஸை மிச்சம் பிடித்து ஒட்டினால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே கருகின சீனிப் பாகுபோல் முண்டு முண்டாகக் கறுத்துப் பொரிந்திருக்கும். துரு அங்கே தொடங்கும். ஃப்ளாஞ்சை ஒட்டும்போது தடித்த இரும்புத் தட்டில் முறுக்கி வைத்தே ஒட்டினோம். சும்மா விட்டால் சூட்டில் வளைந்து கேஸ்கட் உட்காராது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரும்பும் நீளும், ஸ்டெயின்லெஸ் அதைவிட நீளும். மூன்று மீற்றர் குழாய் முந்நூறு பாகை சூடேறினால் ஒன்றரை சென்ரிமீற்றர் நீளுகிறது. அதற்கு இடம் விட்டு ரப்பர் ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். அடித்தட்டோடு இறுக்கிக் கட்டினால் ஏதாவதொரு மூட்டு வெடிக்கும்.

நடுப்பெட்டி ஒன்று, பின்பெட்டி ஒன்று. பின்பெட்டியை நானே செய்தேன். நடுவில் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் பஞ்சு, அதற்கு மேல் கண்ணாடி நார். புகை நேராகப் போகும், சத்தம் துளை வழியே நாருக்குள் போய் அடங்கும். பெட்டியின் தாழ்வான மூலையில் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டேன், தண்ணீர் வடிய. பலர் அதை ஓட்டையென்று நினைத்து அடைத்துவிடுவார்கள்.

பூட்டிய பிறகு கசிவுப் பரிசோதனை. இதில் நான் கண்டிப்பானவன். அதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்து வேனுக்கு நடுக்குழாய் ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டில் ஊசித் துளை ஒன்று இருந்தது, நான் பார்க்கவில்லை. மழையில் ஜன்னல்களை மூடிக்கொண்டு தூரப் பயணம் போனவர்கள் தலைவலி, வாந்தியென்று நடுவழியில் இறங்கினார்கள். சின்னப் பிள்ளையை எழுப்பக் கஷ்டப்பட்டதாக அந்தத் தாய் பிறகு என்னிடம் சொன்னபோது என் கை நடுங்கியது. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிலிருந்து ஊதும் மெஷினால் பின்வாயில் காற்றடித்து, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசி, டோர்ச் அடித்துப் பார்ப்பேன். செலிகாவில் ஒரு மூட்டில் அரிசி அளவு குமிழி வந்தது. கழற்றினோம், திரும்ப ஒட்டினோம். ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் கசிந்தாலும் கேடுதான். வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெற்றோல் குறைவென்று சென்சர் பொய் சொல்லும், எஞ்சின் வீணாகப் பெற்றோலைக் கூட்டும்.

முதல் ஓட்டம் ஒலுவில் பக்கம். கீழ்ச் சுற்றில் மென்மை, ஐயாயிரத்துக்கு மேல் அடித்தொண்டைப் பாட்டு. மருமகன் சிரித்தபடியே ஓட்டினான். ஆனால் மூவாயிரம் சுற்றில் நிலையாகப் போகும்போது காருக்குள் ஒரு உம்மென்ற முழக்கம். காது அடைத்ததுபோல் இருந்தது. "இது பரவாயில்ல மாமா" என்றான். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. கண்டிக்குப் போகிறவன் பாதி வழியை அந்தச் சுற்றில்தான் ஓட்டுவான்.

நாலு சிலிண்டர் எஞ்சின் மூவாயிரம் சுற்றில் செக்கனுக்கு நூறு தடவை வெடிக்கிறது. அந்த நூறைக் கொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு: பிரதான குழாயின் பக்கத்தில் ஒரு முட்டுக்குழாய் ஒட்டுவது. அதன் மறுவாய் மூடியிருக்கும். சத்தம் அதற்குள் ஓடி, முட்டித் திரும்பி வரும்போது நேர் எதிராக வந்து மோதி அடங்கும். நீளம் அலையின் கால் பங்காக இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி வெளிக்காற்றில் போவதைவிட வேகமாக ஓடும். எவ்வளவு சூடென்று திட்டமாகத் தெரியாததால் காகிதக் கணக்கு அண்ணளவாகத்தான் வரும். நாலடி ஓரங்குலத்தில் தொடங்கினேன். முனையில் வெல்டிங் இல்லை, கிளாம்ப் போட்ட மூடி. ஒலுவில் போய் வருவோம், கழற்றுவோம், ஓர் அங்குலம் வெட்டுவோம், மூடியைப் பூட்டித் திரும்பப் போவோம். முழக்கம் மூன்றாவது வெட்டில் மெலிந்தது, ஐந்தாவதில் இல்லாமல் போனது. மூன்றடி எட்டு அங்குலம். அங்கேயே மூடியை ஒட்டிவிட்டேன். ஏறும் சுற்றில் அந்தப் பாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

2025 தொடக்கத்தில் சத்தம் போடும் சைலன்சர்களைப் பொலிஸார் பிடிக்கத் தொடங்கியபோது, வெறும் குழாய் பூட்டியிருந்த பொடியன்கள் பலர் பழைய பெட்டி கிடைக்குமா என்று என்னைத் தேடி வந்தார்கள். அவர்களை நான் ஏசவில்லை. நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுவது தப்பில்லை, அதற்கு வேலை தெரிந்த ஒருவர் வழி காட்டியிருக்க வேண்டும். சிலருக்கு இரண்டேகால் அங்குலக் கதையை முதலிலிருந்து சொன்னேன். இரண்டு பேர் அரம் பிடிக்க உட்கார்ந்தார்கள்.

செலிகா மாரிக்கு மாரி என் வளவுக்கு வருகிறது. முதிரைப் பலகையை எடுத்துப் போட்டு, கீழே படுத்து, அதே ஸ்குரூ ட்ரைவரால் தட்டுவேன். போன தடவை பின்பெட்டியின் துளை அடைபட்டிருந்தது. கம்பியால் குத்த, ஒரு கோப்பை அளவு தண்ணீர் கொட்டியது. ஒட்டுகளில் லேசான தேயிலை நிறம். சாம்பல் தொட்டுத் தேய்த்தான் மருமகன், போய்விட்டது. வலப்பக்க ஹேங்கரின் ரப்பர் வெடித்திருக்கிறது. அடுத்த கிழமை கல்முனைக்குப் போகும்போது சோடியாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.